பைக்குள் செருப்பு

என் மகள் ஐந்தாம் வகுப்பு வரை படித்தது எங்கள் ஊர்ப் பள்ளியில். வன்னியம்பட்டிப் பக்கத்துச் சின்னப் பள்ளி அது. அங்கே செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் வகுப்புக்குள் போக வேண்டும். பிள்ளைகள் தரையில் உட்காருவார்கள். நானும் அதே தரையில் உட்கார்ந்து ஐந்து வரை படித்தவன். அதற்கு மேல் படிக்கவில்லை. ஆறாம் வகுப்பு உள்ளே எப்படி இருக்கும் என்பது எனக்குத் தெரியாது.

போன ஜூனில் அவளை ஸ்ரீவில்லிபுத்தூரில் பெரிய பள்ளியில் சேர்த்தோம். பாடத்துக்கு ஒரு டீச்சர். மணி அடித்தால் ஆள் மாறும், சில நேரம் அறையும் மாறும். எந்த நாளுக்கு எந்தப் புத்தகம் என்று பிடிபடாமல் அவள் எல்லாவற்றையும் சுமந்துகொண்டு போனாள். அட்டவணையை என்னிடம்தான் முதலில் காட்டினாள். நான் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

பள்ளிக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு அரிசிக் கடை மாடியில் சாயங்கால வகுப்பு நடக்கிறது. கிராமங்களிலிருந்து ஆறாம் வகுப்புக்கு வருகிற பிள்ளைகளுக்காக நடத்துவது. நடத்துகிற பெண் பி.எட். முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருப்பவர். கணக்கும் இங்கிலீஷும் சொல்லிக்கொடுப்பார். ஆனால் அதைவிட, நாளைக்கு எதை எடுத்துப் போக வேண்டும், பாத்ரூம் போக யாரிடம் கேட்க வேண்டும், டீச்சர்கள் அறை வாசலில் நின்று என்ன சொல்ல வேண்டும் என்பதைத்தான் அதிகம் பழக்குவார். ஒரு பிள்ளை நாற்காலியில் டீச்சராக உட்காரும். இன்னொன்று வாசலில் நின்று கேட்கும். சரியாகக் கேட்கும்வரை மற்ற பிள்ளைகள் சிரித்துக்கொண்டிருக்கும்.

நான் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் வேலை செய்கிறேன். காலை ஷிப்டு முடிந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு நேராக இங்கே வந்து, அவள் இறங்கி வரும்வரை மாடிப்படிக்குக் கீழே நிற்பேன். மேலே போனதில்லை. மில்லில் மெஷின் சத்தத்தில் யாரும் யாரோடும் பேச முடியாது. அத்தனை வருடம் அங்கே இருந்துவிட்டதால் வெளியிலும் எனக்குப் பேச்சு குறைவு. அதற்கு முன்பும் அப்படித்தான்.

ஒரு நாள் அந்த டீச்சரே கீழே இறங்கி வந்தார்.

“அண்ணே, செத்த மேல வாங்களேன்.”

“இங்கயே சொல்லுங்க டீச்சர்.”

“ஒங்க பொண்ணு செருப்ப எதுக்குப் பைக்குள்ள வைக்கிறா? எல்லாப் பிள்ளைகளும் இந்தப் படியிலதான் விடுதுக. இவ மட்டும் கழட்டிப் பேப்பர்ல சுத்தி, புஸ்தகத்தோட வச்சு மேல கொண்டு வாரா. கேட்டா தலையக் குனிஞ்சுக்கிடுதா.”

எனக்குத் தெரியாது என்றேன். படியில் கிடந்த செருப்புகளைப் பார்த்தேன். அவளுடையது அங்கே இல்லை.

அவளும் நானும் பேசுவது வண்டியில் போகும்போதுதான். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை. மெயின் ரோட்டிலிருந்து ஊர் விலக்கில் திரும்பியதும் கேட்டேன். என் முதுகுக்குப் பின்னால் மெதுவாகச் சொன்னாள்.

புதுப் பள்ளியில் எல்லாரும் செருப்போடுதான் வகுப்பில் இருப்பார்களாம். இவள் முதல் நாள் பழக்கத்தில் வாசலில் கழற்றி விட்டிருக்கிறாள். மணி அடித்து வெளியே வந்தால் செருப்பு இல்லை. சில பிள்ளைகள் மைதானம் வரை உதைத்துக்கொண்டு போயிருந்தார்கள். மறுநாளும் கழற்றினாள். ஒரு செருப்பு ஓட்டுக்கூரை மேல் ஏறிவிட்டது. அன்றுதான் செருப்பு அறுந்துபோச்சு என்று எங்களிடம் சொல்லி வெறுங்காலோடு வீட்டுக்கு வந்திருந்தாள். நானும் நம்பிப் புதுசு வாங்கிக் கொடுத்தேன்.

“பொறவு என்னாச்சு?”

“என்னக் கண்டாலே, ‘ஏட்டி, கோயில் வந்திருச்சு, செருப்பக் கழட்டு’ன்னு சொல்லுதாளுக. கும்பிடுதாளுக.”

“நீயும் போட்டுட்டு உள்ள போயிர வேண்டியதுதான?”

“போட்டேன்ப்பா. ‘சாமி செருப்புப் போட்ருச்சு’ன்னு பெஞ்சத் தட்டுனாளுக.”

அதன் பிறகுதான் செருப்பைக் கழற்றிப் பைக்குள் வைக்கத் தொடங்கியிருக்கிறாள். வாசலிலும் இருக்காது, காலிலும் இருக்காது. அந்தப் பழக்கத்தில் சாயங்கால வகுப்பிலும் அப்படியே. நான் வண்டியை ஓட்டிக்கொண்டே இருந்தேன்.

அடுத்த வாரம் ஒரு காலையில் அவள் எழுந்திருக்கவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு, “நா இனிமே போகல” என்றாள். என் மனைவி வீட்டில் பேண்டேஜ் துணி சுருட்டுகிற வேலை பார்க்கிறாள். கையிலிருந்த சுருளை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“பள்ளிக்கூடத்து டீச்சர்ட்டப் போய் ஒரு வார்த்த சொல்லுங்க. ஒங்களுக்கு வாயில்லன்னா விட்ருங்க, இவளும் அஞ்சாப்போட நிக்கட்டும். எங்கூட உக்காந்து துணி சுருட்டட்டும்.”

அவள் கோபத்தில் சொன்னாள். ஆனால் பிள்ளை, “சுருட்டுதேன்” என்றாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அன்று மில்லுக்கு லீவு சொல்லிவிட்டுப் பள்ளி வாசல் வரை போனேன். காவலுக்கு இருந்தவர் என்னைப் பார்த்தார்.

“யாரப் பாக்கணும்?”

நான் வண்டியின் கைப்பிடியைப் பிடித்தபடி உள்ளே எட்டிப் பார்த்தேன்.

“பிள்ளைக்குச் சோறு குடுக்க வந்தியளா? தூக்குவாளிய எங்க?”

“தூக்கு இல்ல” என்றேன்.

“தூக்கு இல்லாம என்னத்தக் குடுப்பிய?” என்று சிரித்தார். நல்ல மனிதர்தான். எனக்குக் காது சூடாகிவிட்டது. வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

பள்ளிக்குப் போகாத பிள்ளை சாயங்கால வகுப்புக்கு மட்டும் வருகிறேன் என்றாள். அழைத்துப் போனேன். அன்று அவளோடு நானும் படியேறினேன். உள்ளே பிள்ளைகள் இருக்கும்போதே டீச்சரிடம் எல்லாவற்றையும் தட்டுத்தடுமாறி மெதுவாகச் சொன்னேன். கேட் வரை போய்த் திரும்பியதையும் சொன்னேன்.

“நான் போய்ப் பேசுனா, நீ யாருன்னு கேப்பாங்கண்ணே. அப்பாவோ அம்மாவோதான் போகணும்” என்றார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “இங்க பழகிப் பாத்துட்டுப் போங்க. நாந்தான் கிளாஸ் டீச்சர். ம், சொல்லுங்க.”

எல்லாப் பிள்ளைகளும் திரும்பிப் பார்த்தார்கள்.

“டீச்சர்... எம் மக...”

“எந்த மக? எந்த செக்‌ஷன்? எனக்கு அடுத்த பீரியட் இருக்கு, சீக்கிரம்.” நிஜமாகவே கோபப்படுகிறவர் போலக் கையில் ஸ்கேலை வைத்துத் தட்டினார்.

“ஏலே, அவ அப்பாவுக்கு எம்புட்டு வேர்க்கு பாரு” என்றது ஒரு குரல்.

“சத்தமாச் சொல்லுங்க மாமா, பயப்படாதிய” என்றது இன்னொன்று. எல்லாரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. அங்கே யார் தடுமாறினாலும் சிரிக்கிற சிரிப்புதான். ஆனாலும் என் கால் படியைத் தேடியது.

அப்போது என் மகள் எழுந்தாள்.

“டீச்சர், எங்கப்பாவுக்குப் பேச வராது. நாஞ் சொல்லுதேன்.”

சொன்னாள். வாசலில் கழற்றியது, கூரை மேல் ஏறியது, கும்பிடுவது, பெஞ்சைத் தட்டுவது, ஒன்று விடாமல் சொன்னாள். குரல் நடுங்கவில்லை, கோபமாக இருந்தது. யார் மேல் கோபம் என்று எனக்குத் தெரியவில்லை. என் மேலாகவும் இருக்கலாம். அவள் முடித்தபோது யாரும் சிரிக்கவில்லை. ஸ்கேலைக் கீழே வைத்த டீச்சர், “இத இப்படியே நாளைக்கு அங்க சொல்லணும். அப்பா பக்கத்துல நிக்கட்டும்” என்றார்.

மறுநாள் போனோம். காவல்காரர், “இன்னைக்கும் தூக்கு இல்லையா?” என்றபடி உள்ளே விட்டார். வகுப்பு டீச்சர் கையில் நோட்டுக்கட்டோடு நின்றபடியே கேட்டார். அரிசிக் கடை மாடியில் சொன்னதில் பாதியைத்தான் என் மகள் அங்கே சொன்னாள். அந்தப் பாதியே போதுமானதாக இருந்தது. “இதையா இத்தன நாளு மனசுல வச்சிருந்த?” என்று அவளுக்கு வேறு பெஞ்சு மாற்றிக் கொடுத்தார். இரண்டு பிள்ளைகளைக் கூப்பிட்டு என் முன்னாலேயே கண்டித்தார். எனக்கு அதைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. அவர்களும் சின்னப் பிள்ளைகள்.

அதோடு முடிந்தது என்று சொல்ல ஆசைதான். இப்போது யாரும் கும்பிடுவதில்லையாம். ஆனால் அவள் நடந்து போனால் காலைப் பார்க்கிறார்களாம். சில காலைகளில் இன்னும் வயிற்றுவலி என்கிறாள். அது நிஜ வலியா இல்லையா என்று எங்களுக்குத் தெரிவதில்லை. என் மனைவி வெந்நீர் வைத்துக் கொடுத்து அனுப்பிவிடுகிறாள். வகுப்புக்குள் செருப்போடுதான் இருக்கிறாள். “எழுதும்போது காலு கூசுதுப்பா” என்று ஒரு தடவை வண்டியில் சொன்னாள்.

சாயங்காலம் நான் படிக்குக் கீழே நிற்கிறேன். கிடக்கிற செருப்புகளில் முதலில் அவளுடையதைத்தான் தேடுகிறேன். இன்று வரை அங்கே இல்லை. பைக்குள்தான் மேலே போகிறது. டீச்சரும் அதைப் பற்றி இப்போது கேட்பதில்லை. மேலே நாற்காலி இழுபடும், ஒரு பிள்ளை டீச்சராகும், சிரிப்புச் சத்தம் வரும். அந்தச் சத்தத்தில் அவள் குரல் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு நிற்கிறேன். சில நாள் இருக்கிறது.