குட்டைக் குழலும் இரண்டு ஆறுதலும்

1. கடிதம்

ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போடமாட்டேன் என்று நான் சொன்னதால் ஒரு மனிதரின் அலாஸ்கா வேலை போகப் பார்த்தது. நான் செய்தது சரி என்று அன்றைக்கும் நினைத்தேன், இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் அது ஏன் சரி என்பது எனக்கே பிறகுதான் விளங்கியது. கடையில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் இதைப் பற்றி அடிக்கடி கேட்பதால் எழுதி வைக்கிறேன்.

மவுண்ட் வெல்லிங்டனில் வேட்டைச் சாமான் விற்கும் கடையொன்றின் பின்பக்க வொர்க்‌ஷாப்பில் இருபத்துநாலு வருடம் துப்பாக்கி திருத்தினேன். சனிக்கிழமைகளில் பிஸ்டல் கிளப்பில் சுடுதளத்தைக் கண்காணிக்கும் ரேஞ்ச் ஆஃபிசர். துப்பாக்கிச் சத்தத்துக்குப் பயந்து யாழ்ப்பாணத்திலிருந்து ஓடிவந்தவன் அதையே பிழைப்பாக்கிக்கொண்டானே என்று கோயிலில் என்னைப் பகிடி பண்ணாதவர்கள் குறைவு. "ரஞ்சன், உமக்கு வேற வேலை கிடைக்கேல்லையோ?" என்பார்கள். உண்மையாகவே கிடைக்கவில்லை. லேத் மெஷின் மட்டும் தெரிந்தவனுக்கு அன்றைக்கு அகப்பட்டது இதுதான்.

இந்த நாட்டில் சாதாரண ஆள் ரிவால்வரை வைத்து மிருகம் சுட முடியாது. லைசென்ஸ் உள்ளவரும் கிளப்புக்கு வந்து காகிதத்தைத்தான் சுடலாம். பன்றிக்கும் மானுக்கும் ரைஃபிள் இருக்கிறது. ஆனால் வெளிநாடு போகிறவர்கள் கவுண்டரில் சாய்ந்துகொண்டு கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "கரடிக்கு எந்த ரிவால்வர் நல்லது?" எல்லாருக்கும் வேண்டியது ஒன்றேதான். குண்டு பெரிதாக இருக்க வேண்டும், துப்பாக்கி சின்னதாக இருக்க வேண்டும்.

2. கடுகு

கார்த்திகேயன் வந்தது ஒரு பெப்ரவரி மாதம். கோயம்புத்தூர்க்காரர், ஜியாலஜிஸ்ட், வயது முப்பத்தெட்டு. மனைவி சுதாவோடு நியூ லின்னில் இருந்தார். சுதா நர்ஸ். அலாஸ்காவில் ஓடைக்கரைகளில் கல் மாதிரி எடுக்கும் வேலை, ஒரு சீசன் கான்ட்ராக்ட், ஜூனில் தொடக்கம். பழுப்புக் கரடி நடமாடும் இடம். நீளத் துப்பாக்கி தூக்க விரும்பாதவர்கள் ரிவால்வர் வைத்துக்கொள்ளலாம், ஆனால் பெரிய மிருகம் பாய்ந்து வந்தால் அவரால் அதைச் சுட முடியும் என்று தகுதியான பயிற்சியாளர் ஒருவர் கடிதம் தர வேண்டும் என்று கம்பெனி எழுதியிருந்தது.

முதலாளி கிரஹாம் அவரை வொர்க்‌ஷாப்புக்கே கூட்டிவந்து என்னிடம் விட்டுவிட்டுப் போனார்.

கார்த்திகேயன் போனில் ஒரு படம் காட்டினார். ரெண்டரை இஞ்ச் குழல், உள்ளே மிகப் பெரிய மேக்னம் குண்டு. "பாருங்க சார், இடுப்புல வெச்சா வெளிய தெரியவே தெரியாது. ஒரு கையில சுத்தியல், ஒரு கையில சாக்கு. ரைஃபிளை எங்கீங்க தூக்கறது?"

நியாயமான கேள்வி. அதை நான் மறுக்கவில்லை. "குழல் குட்டையானா குண்டின்ர வேகம் குறையும், தம்பி. வெளிச்சமும் சத்தமும் உதையும் கூடும்" என்றேன்.

"கடுகு சிறுத்தாலும் காரம் குறையாதுன்னு சொல்லுவாங்களே?"

"காரம் குறையாதுதான். ஆனா அது முதல்ல எரிக்கிறது உங்கட கையை."

அவர் சிரித்தார். எனக்கு அவரை அப்போதே பிடித்துப் போயிற்று. பிறகு வந்த தொல்லைக்கெல்லாம் அதுதான் காரணம்.

3. ஆறுதலாக

முதல் சனிக்கிழமை ரேஞ்சில் அவருக்குக் காதடைப்பு மாட்டி, பக்கத்தில் நின்று சொன்னேன்: "நான் சொன்னாப் பிறகு ஆறுதலா ஒரு வெடி வையுங்கோ."

அவர் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினார். "வெடியா? எங்கீங்க வைக்கணும்? யாருக்கு ஆறுதல்?"

எங்கள் ஊரில் வெடி வைப்பது என்றால் சுடுவது. ஆறுதலாக என்றால் அவசரப்படாமல், நிதானமாக. அவருக்கோ வெடி என்றால் தீபாவளி, ஆறுதல் என்றால் துக்க வீடு. பக்கத்து லேனில் நின்ற வெள்ளைக்காரர்களுக்கு நாங்கள் ஏன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றோம் என்று விளங்கவேயில்லை. அன்றிலிருந்து எங்களுக்குள் 'உங்கட ஆறுதல்', 'எங்கட ஆறுதல்' என்று இரண்டு இருந்தன. சாரும் அன்றோடு அண்ணா ஆகிவிட்டது.

அவர் காட்டிய அளவு குட்டைத் துப்பாக்கிக்குக் கிளப் விதியில் இடமில்லை. எங்களிடம் இருந்ததில் குட்டையானது நாலு இஞ்ச். அதில் வலுக் குறைந்த ரவுண்ட் போட்டுக் கொடுத்தேன், நன்றாகச் சுட்டார். பிறகு மேக்னம் போட்டேன். முதல் வெடியில் துப்பாக்கி அவருடைய நெற்றிவரை எழும்பியது. இரண்டாவது வெடி இலக்குக்கு வெகு முன்னால் மண்ணைக் கிளப்பியது.

இதற்கு ஃபிளிஞ்ச் என்று பெயர். உதைக்கப்போகிறது என்று தெரிந்த கை, ட்ரிகரை இழுக்கும் கணத்திலேயே பயந்து கீழே குனிகிறது. அவருக்குத் தெரியாமல் சிலிண்டரில் மருந்தில்லாத டம்மி ரவுண்ட் ஒன்றைக் கலந்து கொடுத்தேன். 'க்ளிக்' என்றது. வெடிக்காத துப்பாக்கிக்கே அவர் கை குனிந்தது. அதை அவர் கண்ணாலேயே பார்த்தார்.

"இதைச் சரி பண்ணிடலாமுங்களா?"

"பண்ணலாம். உழைக்கோணும்."

மனிதர் உழைத்தார். அதை நான் சொல்லியே ஆக வேண்டும். மழை பெய்தாலும் சனிக்கிழமை எட்டரைக்கு அவருடைய கார் கேட்டில் நிற்கும். மணிக்கட்டில் வீக்கம் வந்தபோது சுதா துணி சுற்றி அனுப்பிவிட்டார். ஏப்ரல் கடைசியில் பத்து மீற்றரில், சாப்பாட்டுத் தட்டளவு வட்டத்துக்குள் ஆறு குண்டையும் போட்டார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

"அண்ணா, கடிதம்?" என்றார்.

"காகிதம் நிண்ட இடத்தில நிக்கும் தம்பி. கரடி நிக்காது. வாற கிழமை பார்ப்பம்."

4. ஓடிவரும் பலகை

ஒரு ப்ளைவுட் பலகையில் கரடி வரைந்தேன். அது கரடியா எருமையா என்று கிளப்பில் வாக்குவாதமே நடந்தது. பலகையை நாலு சில்லு வண்டியில் நிறுத்தி, கயிறு கட்டி, கயிற்றை ஒரு கப்பியில் மாட்டி, சுடுகிறவருக்குப் பின்னால் நின்ற குவாட் பைக்கில் முடிந்தோம். பைக் பின்பக்கமாக விலகி ஓட, பலகை சுடுகிறவரை நோக்கிப் பாய்ந்து வரும். இருபத்தைந்து மீற்றரில் தொடக்கம். சுடுகிறவருக்கு நாலு மீற்றர் முன்னால் டயர் அடுக்கி அதை நிறுத்த ஏற்பாடு.

அன்றைக்கு சுதாவும் பார்க்க வந்திருந்தார்.

துப்பாக்கி ஏற்கெனவே கையில், ஆள் தயார். பைக் சீறியது. கார்த்திகேயன் இரண்டு தரம்தான் சுட்டார். ஒன்று மண்ணில் போனது, மற்றது கரடியின் காதில் ஓட்டை போட்டது. மூன்றாவதற்கு ட்ரிகரை இழுப்பதற்குள் பலகை டயரில் மோதி நின்றுவிட்டது. மேலும் நாலு தரம் ஓடவிட்டோம். வேறு ஓட்டை விழவில்லை. இடுப்பு ஹோல்ஸ்டரிலிருந்து துப்பாக்கியை உருவிச் சுடச் சொன்னபோது ஒரு வெடிகூட வைக்க முடியவில்லை.

"இது நாலு இஞ்ச். நீங்கள் கொண்டுபோகப் போறது ரெண்டரை" என்றேன்.

சுதா என்னைத் தனியே கூப்பிட்டார். "அண்ணா, இவரு மூணு மாசமா இதே நெனப்பா இருக்காரு. சுடறாரோ இல்லையோ, இடுப்புல ஒண்ணு இருக்குன்னா ஒரு ஆறுதல்தானே? நீங்க போட்டுக் குடுத்துருங்களேன்."

எனக்குக் கோபம் வந்தது. அவர்மேல் இல்லை, அந்தச் சொல்லின்மேல். "தங்கச்சி, அது குடுக்கிறது உங்கட ஆறுதல். அங்க வேண்டியது எங்கட ஆறுதல். சுடுறதுக்கு நேரம் வேணும். அதைத் துப்பாக்கி தராது."

திங்கட்கிழமை கிரஹாமும் வந்தார். அவர் இங்கிலீஷில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்: "ரஞ்சன், அது வெறும் பேப்பர், மேட். கரடி உன் கடிதத்தை வாசிக்கப் போவதில்லை."

"கரடி வாசிக்காது. இவர் செத்தால் நான் வாசிப்பேன்" என்றேன்.

நான் எழுதிக்கொடுத்த கடிதம் இவ்வளவுதான். நிற்கும் இலக்கைப் பத்து மீற்றரில் நன்றாகச் சுடுகிறார். பாய்ந்து வரும் இலக்கைச் சுட முடியவில்லை. அது அவருடைய குறை இல்லை, அந்தக் கருவியின் குறை. கல் எடுக்கும்போது இரண்டு கையும் சும்மா இருக்கும் ஒருவர் நீளத் துப்பாக்கியோடு காவல் நிற்க வேண்டும். நெஞ்சில் கரடியை விரட்டும் மிளகாய் ஸ்ப்ரே மாட்டியிருக்க வேண்டும். ரிவால்வரை மட்டும் நம்பி அனுப்பக் கூடாது.

கார்த்திகேயன் அதை நின்றபடியே வாசித்தார். "காவலுக்குன்னு ஒரு ஆளுக்கு யாருண்ணா தனியா சம்பளம் குடுப்பாங்க? இதைப் பார்த்ததும் வேற ஆளை எடுத்துக்குவாங்க. என்னால சுட முடியும்னு ஒரு கையெழுத்துண்ணா."

"ஏலாது, தம்பி."

கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, சொல்லாமலே போய்விட்டார். அடுத்த சனிக்கிழமை எட்டரைக்குக் கேட்டைப் பார்த்தேன். கார் இல்லை. அதற்கடுத்த கிழமையும் இல்லை. மனிதரின் வேலையில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டேனோ என்று மனம் அரித்தது. ஆனாலும், திரும்பக் கேட்டிருந்தாலும் போட்டிருக்க மாட்டேன்.

மே கடைசியில் அவரிடமிருந்து ஒரு வரி மெசேஜ் வந்தது. கம்பெனி முதலில் முறைத்ததாம், பிறகு அடுத்த குழுவில் காவல் நிற்கும் ஷாட்கன்காரரோடு அவரைச் சேர்த்துவிட்டதாம். ரிவால்வர் கிடையாது. அதில் நன்றி என்ற சொல்லும் கிடையாது.

5. போன்

ஜூலையில் ஒரு காலை, வொர்க்‌ஷாப்பில் ஒரு ரைஃபிளைப் பிரித்து வைத்திருந்தபோது போன் அடித்தது. கார்த்திகேயன்.

"அண்ணா, நேத்துப் பார்த்தேன்."

ஓடையில் குனிந்து கல் உடைத்துக்கொண்டிருந்திருக்கிறார். காவல்காரர் தாழ்ந்த குரலில் அவர் பெயரைச் சொல்லியிருக்கிறார். நிமிர்ந்தால் புதருக்கு வெளியே கரடி, பத்து மீற்றர்கூட இல்லை.

"அசையாதேன்னாருங்க. எனக்கு என்ன ஆச்சு தெரியுங்களா? சுத்தியலைப் போட்டுட்டு என் கை தானா இடுப்புக்குப் போயிருச்சு. துப்பாக்கிதான் இல்லையே. ஆனா கை போயிருச்சுண்ணா. நீங்க பழக்கினது."

நான் கையிலிருந்த ஸ்குரூட்ரைவரைக் கீழே வைத்தேன்.

"அது என்னைப் பார்த்துச்சு. மூக்கைத் தூக்கி மோந்துச்சு. அப்புறம் தண்ணியில இறங்கி, அந்தப் பக்கம் ஏறிப் போயிருச்சு. பாயவே இல்லைங்ணா. ஆறுதலா வந்துச்சு, ஆறுதலா போச்சு. உங்க ஆறுதல்."

"ஓம்" என்றேன்.

"இடுப்புல அது இருந்திருந்தா நான் சுட்டிருப்பேன். ஒரு குண்டு எங்கியாவது பட்டிருக்கும். காதுல."

இருபத்துநாலு வருடம் கரடிக் கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறேன். குண்டு போதுமா, குழல் போதுமா, நேரம் போதுமா என்று மட்டும்தான் யோசித்தேன். தன் வழியில் போகிற மிருகத்தை அந்தத் துப்பாக்கியே பாய வைத்துவிடும் என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை. பத்து மீற்றரில் நிற்கிற தட்டைச் சுட நான்தான் அவரைப் பழக்கினேன். கரடி நின்றதும் அதே பத்து மீற்றரில்தான்.

ஆகவே பிள்ளைகளே, கவுண்டரில் யாராவது கரடிக்குக் குட்டைத் துப்பாக்கி கேட்டால் குண்டின் அளவைப் பற்றிக் கதைக்கத் தொடங்காதீர்கள். வொர்க்‌ஷாப் சுவரில் அந்தப் பலகை இன்னும் தொங்குகிறது. கூட்டிப்போய்க் காதிலுள்ள ஓட்டையைக் காட்டுங்கள்.

அந்த போன் வந்த அன்று பின்னேரம் சுதா கடைக்கே வந்தார், ஒரு டப்பா நிறைய அதிரசத்தோடு. கிரஹாம் இரண்டை எடுத்துக்கொண்டு ஒதுங்கிவிட்டார். சுதா வொர்க்‌ஷாப்புக்குள் வந்து அந்தப் பலகையின் காதிலுள்ள ஓட்டையைத் தொட்டுப் பார்த்தார்.

"இப்பத்தாண்ணா எனக்கு ஆறுதலா இருக்கு" என்றார்.

எந்த ஆறுதல் என்று நான் கேட்கவில்லை.