நைனாவுக்குச் சொல்லாத நோய்

பாரிசுக்கு வெளியே, நான் தரை துடைக்கிற ஆஸ்பத்திரியில், டாக்டர் கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு, "உங்களுக்கு கான்சேர்" என்று நோயாளியிடமே சொல்கிறார். பெண்டாட்டி பிள்ளைகளைத் தனியே கூப்பிட்டுக் குசுகுசுப்பதில்லை. இருபது வருஷமாகியும், அந்த நேரத்தில் வாளியைத் தூக்கிக்கொண்டு நான் வெளியே வந்துவிடுகிறேன்.

பொங்கலுக்குச் செஞ்சி போனபோது, மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டைகளை எடை போடும் என் நைனா ஒரு இட்லியோடு எழுந்துவிட்டார். வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. தம்பியும் நானும் புதுச்சேரியில் பெரிய டாக்டரிடம் கூட்டிப்போனோம். சோதனைகள் முடிந்த அன்று நைனாவை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு நாங்கள் உள்ளே போனோம். இரைப்பையில் புற்றுநோய். மருந்து ஏற்றி, பிறகு இரைப்பையை எடுத்தால் பிழைக்க வழியுண்டு. அந்த வயதுக்குத் தாங்குவது கஷ்டம். வேண்டாமென்றால் வலிக்கு மட்டும் மருந்து. "அவரையே கேட்டு முடிவு பண்ணுங்க" என்றார் டாக்டர். "அவருகிட்ட சொல்லிடாதீங்க சார், பயத்துலயே போயிடுவாரு" என்று கும்பிட்டவள் நான். திரும்பும் பஸ்ஸில் "அல்சர்தான் நைனா, ஆபரேஷன் பண்ணா சரியாயிடும்" என்றதும் நான்தான்.

நைனா சிரித்தார். "அல்சருக்கு எவனாச்சும் வயித்த அறுப்பானா? புத்திய பாரிசுலயே உட்டுட்டு வந்துட்டியாம்மா? மோர் குடிச்சா போவுது."

பாரிசுக்குத் திரும்பியும் போனில் கெஞ்சினேன். அசையவில்லை. அல்சர் என்றால் அவர் சொல்வது நியாயம்தானே. இங்கே, நான் விஷயத்தைச் சொல்லியிருந்த வார்டு நர்ஸ் ஒருநாள், அப்பா என்ன முடிவெடுத்தார் என்று கேட்டாள். அவருக்குத் தெரியாது என்றேன். என் பிரெஞ்சில்தான் கோளாறு என்று நினைத்து, குழந்தைக்குச் சொல்வதுபோல் நிறுத்தி நிறுத்திக் கேட்டாள்: "மதாம், நோய் யாருக்கு?"

போன வாரம் தம்பி போனில் அழுதான். கல்லீரலுக்குப் பரவிவிட்டதாம். இனி அறுக்க முடியாதாம். தெரிந்திருந்தால் நைனா ஒப்புக்கொண்டிருப்பாரோ, அப்போதும் மோர் போதும் என்றிருப்பாரோ. எனக்கு இனித் தெரியப்போவதில்லை.

விடுப்புப் படிவத்தில் காரணம் கேட்டிருந்தார்கள். அப்பாவுக்குப் புற்றுநோய் என்று பிரெஞ்சில் எழுதினேன். அதை மேசையில் வைத்துக்கொண்டே செஞ்சிக்குப் போன் போட்டேன்.

"திடீர்னு இன்னாத்துக்கும்மா லீவு?"

"சும்மாதான் நைனா. உன்னப் பாக்க."

"வா, வா. எப்போ திரும்பிப் போவ?"

படிவத்தில் அந்தக் கட்டம் மட்டும் காலியாக இருந்தது.