கலீன் ஆண்பால்

சனிக்கிழமை காலை 7.40-க்கு ஜெர்மனியின் வால்டோர்ஃபில் ரயில் ஏறினேன். மான்ஹைமிலும் கொலோனிலும் மாறி, வுப்பர்டாலில் இறங்கும்போது மணி பதினொன்று. டிக்கெட் 39 யூரோ. அங்கிருந்து ஆற்றுக்கு மேலே தொங்கியபடி ஓடும் ரயிலில் ஏழு நிறுத்தங்கள்.

டப்ளினில் என்னோடு வேலை பார்த்த சுதன், நீவ் என்ற ஐரிஷ் பெண்ணை மணந்திருந்தான். விருந்து அவனுடைய அக்கா வசந்தி வீட்டில். சம்பந்திகளுக்காக அக்கா ஐரிஷில் ஒரு வரி எழுதி, மூன்று வாரம் பழகியிருந்தார்.

"தம்பி, நீங்க அங்க ரெண்டு வருசம் இருந்தனீங்கள். சரியோ எண்டு ஒருக்காப் பாருங்கோ."

'இஸ் கலீன் மா ஈ நீவ்.' அதாவது, நீவ் நல்ல பெண். எனக்குத் தெரிந்த ஐரிஷ், பேருந்துப் பலகைகளில் பார்த்தது. பெண்பால் சொல்லுக்குப் பின் 'நல்ல' என்னும் 'மா', 'வா' ஆகும் என்று எப்போதோ கேட்டிருந்தேன்.

"கலீன்னா பொண்ணுதானே அக்கா? 'வா'ன்னு வரணும்" என்று பேனாவால் திருத்தினேன்.

ஒரு மணிக்கு அக்கா எழுந்து வாசித்தார். நீவின் அப்பா சிரித்துவிட்டார். ஐரிஷ் ஆசிரியையான அம்மா அவரை முறைத்துவிட்டு, மெதுவாக விளக்கினார். சுதன் தமிழில் சொன்னான். 'கலே' என்றால் பெண். அதோடு சிறுமையைக் காட்டும் 'ஈன்' ஒட்டியது 'கலீன்'. அர்த்தம் பெண், இலக்கணத்தில் ஆண்பால். அதனால் 'மா' மாறாது. ஆனாலும் அவளைக் குறிக்க 'ஈ', அதாவது 'அவள்' என்றே வரும்.

"வா என்று யார் சொல்லித் தந்தது?" என்று நீவின் அம்மா கேட்டார்.

"நானேதான் மாத்தினது" என்றார் அக்கா. என் பக்கம் திரும்பவே இல்லை. நான் கட்லட்டை மென்றுகொண்டிருந்தேன்.

நாலரைக்கு விடைபெற்றபோது அக்கா படிக்கட்டு வரை வந்தார்.

"டொச்சிலயும் அப்பிடித்தானே தம்பி" என்று ஜெர்மன் மொழியைச் சொன்னார். "பெட்டையை 'டஸ் மெட்ஷன்' எண்டுதானே சொல்லினம்? சின்னதாக்கிற 'ஷன்' ஒட்டினால் பெட்டையும் அஃறிணை. அதை யோசிச்சுத்தான் முதல்ல சரியா எழுதினனான்."

"அப்புறம் ஏன் அக்கா நான் சொன்னதைக் கேட்டீங்க?"

"நீங்க அங்க இருந்தனீங்கள்."

இரண்டு மாடி இறங்கினேன். திரும்ப ஏறி, எல்லோர் முன்னாலும் ஆங்கிலத்தில் சொன்னேன்: அவர் எழுதியது சரி, கெடுத்தது நான், கேட்டபோது வாய் திறக்காததும் நான்.

நீவின் அம்மா எழுந்துபோய் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு யாரும் நாற்காலி காட்டவில்லை. ரயிலைத் தவறவிட்டேன். அடுத்ததில் ஏறி, கொலோனில் மாறி, மான்ஹைம் வரை நின்றபடியே வந்தேன், இடமிருந்தும்.