மதகைத் திறப்பதற்கு முன்

உக்கடம் பக்கத்துக் குளம் ஒன்றுக்கு நான் ஓவர்சியராக வந்த முதல் ஐப்பசியிலேயே அதன் கரை கசிய ஆரம்பித்துவிட்டது. கரைக்குக் கீழே வரிசையாக மில் தொழிலாளிகளின் ஓட்டு வீடுகள். அதில் ஒரு வீட்டின் புறக்கடையில் தண்ணீர் ஊறி வருவதாகக் ஒரு நாள் காலையில் எங்கள் மேஸ்திரி ஆள் அனுப்பினார். போய்க் கையில் அள்ளிப் பார்த்தேன். தெளிவாகத்தான் இருந்தது. கலங்கி வந்தால் உள்ளே மண் அரிக்கிறது என்று அர்த்தம். அப்புறம் கரை நிற்காது.

மண் மூட்டைகளை அடுக்கச் சொல்லிவிட்டு, குளத்து மட்டத்தை இறக்க மதகைத் திறக்கப் போனேன். அங்கே ஓர் அம்மா வழிமறித்து நின்றிருந்தார். மதகுக்குக் கீழே அவருக்கு வயல். புருஷன் போன பிறகு தனியாகப் பண்ணையம் பார்ப்பவர். நெல் அறுப்புக்கு நின்றது.

"தண்ணிய உட வேண்டாங்கலீங்க. வாய்க்காலத் தூரெடுத்துப்போட்டு உடுங்க. இல்லீன்னா அத்தனையும் என் வயல்லதான் பாயும்" என்றார்.

வாய்க்காலோடு நடந்து பார்த்தேன். கோரையும் வண்டலுமாக மேடு தட்டிக் கிடந்தது. அதைத் தூர்வாராமல் விட்டது எங்கள் ஆட்கள்தான். டெலிபோனில் மேலதிகாரியிடம் சொன்னதற்கு, போலீசைக் கூப்பிட்டுத் திறந்துவிடச் சொன்னார். பொழுது சாய்வதற்குள் தூரெடுத்துவிட்டுத் திறக்கிறேன் என்றேன். கரைக்கு ஏதாவது ஆனால் நீதான் பொறுப்பு என்று வைத்துவிட்டார்.

மேஸ்திரியைக் கசிவோரம் காவலுக்கு நிறுத்திவிட்டு வாய்க்காலில் இறங்கினோம். எங்கள் ஆட்கள் போதவில்லை. விஷயம் தெரிந்து மில்லில் ராத்திரி ஷிப்டு முடிந்து வந்தவர்கள் தூங்காமல் மண்வெட்டியோடு வந்தார்கள். அந்த அம்மாவும் தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு, சேலையை இழுத்துச் செருகி எங்களோடு இறங்கிவிட்டார். மழை விட்டு விட்டுப் பெய்தது. ஒருவரும் கரையேறவில்லை.

மத்தியானத்துக்கு மேல் மேஸ்திரியே ஓடி வந்தார். தண்ணீர் லேசாகக் கலங்குகிறது என்றார். அந்த அம்மாவின் கடைசி வயலை ஒட்டிய கடைசித் துண்டு வாய்க்கால் இன்னும் பாக்கி.  வீடுகளில் இருந்தவர்களை மேட்டுக்கு அனுப்பச் சொல்லிவிட்டு அந்த அம்மாவிடம் போனேன்.

"ஏனுங்கம்மா, இனிக் காத்திருக்க முடியாதுங்க."

அவர் முழங்கால் சேற்றில் நின்றபடி கீழே தன் வயலைப் பார்த்தார். 

"கடைசி வயல் போனாப் போகட்டுங்க. தொறந்துபோடுங்க" என்றார்.

மதகின் சக்கரம் துருவேறிப் பிடித்திருந்தது. நாலைந்து பேர் கடப்பாரை கொடுத்து நெம்பியதில் அசைந்தது. தூரெடுத்த வரைக்கும் தண்ணீர் வாய்க்காலுக்குள்ளேயே ஓடியது. அதற்கப்புறம் வாய்க்கால் கரையை உடைத்துக்கொண்டு கடைசி வயலில் ஏறியது. கதிர் சாய்வதை அவர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இருட்டுவதற்குள் குளம் இறங்கியது. கசிவு தெளிந்து, மறுநாள் நின்றேவிட்டது.

மறுநாள் நான் போனபோது தண்ணீரில் கிடந்த பயிரை ஆட்களோடு அவர் அறுத்துக்கொண்டிருந்தார். நானும் இறங்கி, அறுத்துப் போட்ட கதிர் அரிகளை வரப்பில் தூக்கிப் போட்டேன். முளைக்கிறதுக்கு முந்திக் காய வைத்தால் பாதியாவது தேறும் என்றார்.

அடுத்த கோடையில் கரைக்குக் கல் பதிக்க உத்தரவு வந்தது. வாய்க்காலை அதில் சேர்க்கவில்லை. எழுதி எழுதிக் கேட்டு அதையும் சேர்க்க வைத்தேன். முதல் மண்வெட்டி விழுந்தது வாய்க்காலின் கடைசித் துண்டில்தான்.