கிளியனூரில் குஞ்சுகளுக்கு மூட்டிய கரியடுப்பு

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி போகும் வழியில், கிளியனூர் அருகே மழைக்கு ஒரு கோழிப்பண்ணையில் ஒதுங்குகிறேன். உள்ளே குஞ்சுகளுக்குச் சூடு கொடுக்கக் கரியடுப்பு கனன்றுகொண்டிருக்கிறது. சாரல் அடிக்கிறதே என்று படுதாவை இழுத்து மூடப் போகிறேன். பண்ணையை நடத்தும் செல்வி ஓடி வந்து தடுக்கிறார்.

"மூடாதீங்க சார். போன மழைக்கு எல்லாத்தையும் மூடிட்டு அடுப்புகிட்டயே உக்காந்துக்கினு இருந்தேன். தலை சுத்தி வுழுந்துட்டேன். எங்க வூட்டுக்காரருதான் வெளிய இழுத்துப் போட்டாரு. கண்ணுக்குப் புகையே தெரியல, ஆனா அந்தக் கரிக்காத்து ஆளையே கொன்னுடும்னு டாக்டர் சொன்னாரு."

"குஞ்சுங்க?"

"பாதி போயிடுச்சு. இந்த வாட்டி மேல ரெண்டு பக்கமும் ஒரு முழம் திறந்தே வச்சிருக்கேன். இன்னிக்கு அஞ்சாம் நாளு. ஒண்ணுகூட சாகல."

மேலே ஈரக்காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போகிறது. கீழே மஞ்சள் குஞ்சுகள் குளிருக்கு ஒன்றையொன்று நெருக்காமல், பரவலாகப் படுத்துத் தூங்குகின்றன.