பச்சை விளக்கு அணைந்த கிருத்திகை

காணொளி வந்துவிட்டது! கடல் கடந்த ஊரில், பல வருஷக் காத்திருப்புக்குப் பிறகு பிள்ளை பெற்ற என் மனைவியின் தங்கை, ஆடிக் கிருத்திகையன்று காலையில் அதை அனுப்பியிருந்தாள். தரவிறக்கினால் குழந்தை கை காலை உதைப்பதைப் பார்க்கலாம், அழுவதைக் கேட்கலாம்.

"போட்டோதான் பார்த்தாச்சே?" என்றேன்.

"போட்டோ அழுவுமா பாவா?" என்றாள் மனைவி. அத்தை மகனாகப் பிறந்ததால் கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் நான் அவளுக்குப் பாவாதான்.

குழந்தையின் குரலைக் காதால் கேட்டதும் பூக்காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டிருந்தாள். கூடத்தில் காவடி சாமந்தியும் ரோஜாவுமாகத் தயாராய் நின்றது. விடிந்ததிலிருந்து அவள் பல்லில் பச்சைத் தண்ணீர் படவில்லை. தெருவில் அரோகரா ஆறாக ஓடிற்று. என் கணினித் திரையிலோ ஒரு நீலக்கோடு, எறும்பு மலை ஏறுவதுபோல.

பாதி வந்தது. முக்கால் வந்தது. சட்டென்று மோடத்தின் பச்சை விளக்கு அணைந்தது. கோடு காணாமல் போயிற்று. மறுபடி முதலிலிருந்து.

மோடத்தை அணைத்துப் போட்டேன். சூடாகியிருக்குமோ என்று மேஜை விசிறியைத் திருப்பி வைத்தேன். வயரைக் கழற்றி ஊதிச் செருகினேன். திறந்து கிடந்த மற்ற பக்கங்களையெல்லாம் மூடினேன். ஒரு நேரம் பாய்ச்சல், ஒரு நேரம் நொண்டல், ஒரு நேரம் செத்த பிணம். இது என்ன கணக்கு? ஆனாலும் உள்ளே ஒரு குதியாட்டம், திருடனைத் துரத்துகிறவனுக்கு வருமே, அது.

"பாவா, பூவெல்லாம் வாடுது."

"இரு, வந்துகினே இருக்கு."

மறுபடி முக்கால். மறுபடி விளக்கு அணைந்தது. இம்முறை மனைவி என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "போன் அடிச்சுது பாவா! அடிச்ச உடனே லைட்டு போச்சு!"

"அடிச்சுதா?"

எனக்குக் கேட்கவே இல்லை. கேட்காததற்குக் காரணம் இருந்தது. போன் இணைப்புக்கு ஊரே வருஷக்கணக்கில் காத்திருந்த காலத்தில், எங்கள் இணைப்பிலிருந்தே பக்கத்து வீட்டுக்கு மதில் தாண்டி ஒரு வயர் இழுத்துக் கொடுத்திருந்தோம். மலைமேல் முருகன் கோயில் மடைப்பள்ளியில் தலைமுறையாகச் சமைக்கிற குடும்பம் அது. இரண்டு மணி அடித்து நின்று மறுபடி அடித்தால் அவர்களுக்கு. நாங்கள் எடுக்க மாட்டோம். எடுக்காமல் எடுக்காமல், எங்கள் காதுக்கு அது மணியாகவே இல்லாமல் போயிருந்தது. வருஷா வருஷம் வெள்ளையடித்ததில் வயரும் சுவரோடு சுவராகிவிட்டது.

பிராட்பேண்ட் வந்தபோது எங்கள் போனுக்கு முன்னால் ஒரு சின்னப் பெட்டி மாட்டினார்கள். பேச்சையும் இணையத்தையும் ஒன்றோடொன்று மோதாமல் பிரித்துவிடுகிற பெட்டி. மதிலுக்கு அந்தப் பக்கத்துப் போனுக்கு அது கிடையாது. கிருத்திகை நாளில் மடைப்பள்ளியிலிருந்து அது வேண்டும் இது வேண்டும் என்று ஓயாமல் அழைப்பு. ஒவ்வொரு மணிக்கும் எங்கள் குழந்தை பாதி வழியில் நின்றது!

ஓடினேன். சமையற்காரரின் வீட்டம்மா, நாங்கள் அக்கா என்று கூப்பிடுகிறவர், முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். மூச்சு வாங்கச் சொன்னேன்.

"அட, அந்த வயரா? புடுங்கி எறிங்க!"

"மலையிலருந்து கூப்பிடுவாங்களே, அக்கா?"

"உங்க வீட்ல போன் இல்லியா? நான் அங்க வந்து குந்திக்கிறேன்."

முறத்தோடு வந்து எங்கள் போனடியில் உட்கார்ந்தார். நான் திருகாணியைத் தளர்த்தி மதில் வயரைக் கழற்றினேன். நீலக்கோடு புறப்பட்டது. போன் அடித்தது. மூவரும் மோடத்தைப் பார்த்தோம். பச்சை அப்படியே நின்றது! அக்கா பேசினார், கோடு ஓடிற்று. அதட்டினார், அப்போதும் ஓடிற்று.

முழுதும் வந்தது. சொடுக்கினேன். ஒரு சிவந்த முகம் கொட்டாவி விட்டது, சுருங்கியது, யோசித்தது, பிறகு வீறிட்டது. மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள்.

மறுபடி போன். "ஆங், வெல்லம் அனுப்பறேன், இருங்க!" அக்கா கத்தினார். "இங்க கொயந்த அழுவுது... யாருதா? நம்ம கொயந்ததான்!"

மனைவி காவடியைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். வாசற்படியில் நின்று திரும்பினாள்.

"சத்தமா இன்னொரு வாட்டி போடு பாவா. கேட்டுகினே கெளம்பறேன்."