பாதிப் படிக்குச் சாம்பல்

ஒன்பது வயதில் எனக்கு ஒரு ஊன்றுகோல் மீது பொறாமை வந்தது. அந்த ஊன்றுகோல் பழனியிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தது, ரெட்டைச் சடை போட்டிருந்தது, காலையில் நாலு தோசை சாப்பிட்டது. அது என் பெரியப்பா மகள், எனக்கு மூன்று வயது மூத்தவள். அரையாண்டு லீவுக்குக் கொடைக்கானல் மலையில் எங்கள் மன்னவனூருக்கு வந்த அக்கா, வந்த மறுநாளே எங்கள் தாத்தாவுக்கு ஊன்றுகோலாகிவிட்டாள்.

அதற்கு முந்தின வருஷப் பனியில் தாத்தா தோட்டத்துப் படியில் வழுக்கி விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டார். மதுரைக்குக் கொண்டுபோய்த் தகடு வைத்து, மூன்று மாதம் படுக்கையில் கிடந்து எழுந்தார். இன்னொரு தடவை விழுந்தால் எழுந்திருக்கவே மாட்டார் என்று டாக்டர் அப்பாவிடம் சொல்லியிருந்தார். அதனால் மார்கழி பிறந்ததும் எங்கள் வீட்டில் எல்லாரும் தரையைப் பார்த்தே நடந்தோம். வாசலில் மிதியடியாகக் கிடந்த சாக்கை அம்மா எடுத்து எறிந்தாள். அப்பா படி ஓரமாக முளை அடித்துக் கயிறு கட்டினார். கொடைக்கானலுக்குப் போனபோது அடியில் ரப்பர் போட்ட கைத்தடி ஒன்றும் வாங்கி வந்தார். தாத்தா அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, கொண்டுபோய் பட்டர் பீன்ஸ் கொடிக்கு ஊன்றி வைத்தார். கயிற்றையும் தொடவில்லை. "நான் என்ன கட்டிப்போட்ட மாடா?" என்றார்.

வீட்டுக்குள் இருங்கள் என்றாலும் கேட்க மாட்டார். பனி விழுந்த அன்று வெயில் ஏறுவதற்குள் பூண்டுத் தாளில் தண்ணீர் அடித்துப் பனியைக் கழுவிவிட வேண்டும். இல்லாவிட்டால் வெயில் பட்டதும் தாள் கருகிவிடும். தண்ணீர் அடிப்பது என்னவோ அப்பாதான். ஆனால் தான் வரப்பில் நின்று பார்க்காவிட்டால் அந்தத் தண்ணீருக்கு வேலை செய்யத் தெரியாது என்பது தாத்தாவின் எண்ணம்.

வீட்டிலிருந்து தோட்டத்துக்குப் பதினொரு கல்படி. அக்கா வந்த மறுநாள் காலை தாத்தா அவள் தோளில் கை வைத்து, "வா தாயி, தோட்டத்தக் காட்டுறேன்" என்று இறங்கினார். தடியைப் பிடித்தால் கிழவன், பேத்தியைப் பிடித்தால் பேத்திக்குத் தோட்டம் காட்டுகிற பெரிய மனுஷன். அவள் தோள் அவர் கைக்கு வாகான உயரத்தில் இருந்தது. அம்மாவும் அப்பாவும் அப்பாடா என்று மூச்சு விட்டார்கள். எனக்கு மட்டும் வயிறு எரிந்தது. வருஷம் முழுக்க அதே தோட்டத்தில் அவர் பின்னாலேயே திரிந்தவள் நான். பழனிக்காரிக்குப் பூண்டுச் செடிக்கும் வெங்காயச் செடிக்கும் வித்தியாசம் தெரியாது.

எனக்கும் ஒரு சோலி கொடுத்திருந்தார்கள். விடிந்ததும் அடுப்புச் சாம்பலை ஒரு பழைய சட்டியில் அள்ளிக்கொண்டு போய்ப் படிகளில் தூவ வேண்டும். சாம்பல் கிடந்தால் பனி பூத்த கல்லில் கால் வழுக்காது. ஆக, அவளுக்குத் தாத்தா, எனக்குச் சாம்பல். பாலுக்கு வந்த பக்கத்து வீட்டு அத்தை, "தங்கமான புள்ள, தாத்தாவ எப்படித் தாங்குது பாரு" என்று அவளைத்தான் மெச்சினாள். சாம்பல் தூவிய கை ஒருத்தர் கண்ணிலும் படவில்லை. இது போதாதென்று, தாத்தா தன் சிவப்புக் கம்பளிக் குல்லாவைக் கழற்றி அக்கா தலையில் மாட்டிவிட்டார். நான் கேட்டபோது "பேன் புடிக்கும்" என்று தர மறுத்த குல்லா அது. அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. யாரும் ஏன் என்றும் கேட்கவில்லை.

ஆறாவது நாள் காலை எனக்கு ஒரு யோசனை வந்தது. தாத்தா எப்போதும் வலது பக்கம், கயிற்றை ஒட்டி இறங்குவார். அக்கா இடது பக்கம். ஆகவே வலது பாதிக்கு மட்டும் சாம்பல் போட்டேன். தாத்தாவின் பாதிக்கு வழக்கத்தைவிடக் கூடுதலாக, இண்டு இடுக்கு விடாமல், அவ்வளவு பாசத்தோடு போட்டேன். இடது பாதியைப் பனியோடு வெள்ளையாக விட்டுவிட்டேன். அக்கா சறுக்கிப் பொத்தென்று உட்காருவாள், எல்லாரும் சிரிப்பார்கள், தாத்தா என்னைக் கூப்பிடுவார் என்பது என் திட்டம். விழப்போகிறவள் தோளில்தான் தாத்தாவின் கை இருக்கும் என்பது மட்டும் என் புத்தியில் ஏறவே இல்லை.

கீழே பூண்டுப் பாத்தி ஓரமாகச் சட்டியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நாலாவது படியில் அக்காவின் கால் முன்னால் ஓடியது. அவள் விழுந்தாள், அவளோடு தாத்தாவும் சாய்ந்தார். தகடு வைத்த கால் மடங்கியது. வலது கை காற்றில் துழாவிக் கடைசியில் கயிற்றைப் பிடித்தது. முளை ஆடியது, பிடுங்கிக்கொள்ளவில்லை. தாத்தா சாம்பல் மேல் ஒரு முட்டியை ஊன்றி அப்படியே நின்றுவிட்டார். டாக்டர் சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அப்பா தண்ணீர்க் குழாயைப் போட்டுவிட்டு ஓடினார். தாத்தாவைப் படியில் உட்காரவைத்துக் காலை நீட்டி மடக்கிப் பார்த்தார். நல்ல வேளை, ஒன்றும் ஆகவில்லை. அடுத்து அக்கா மேல் பாய்ந்தார்.

"பாத்து எறங்கத் தெரியாதா? ஒன்ன நம்பித்தான அனுப்புனேன்?"

"நான்தான் சித்தப்பா, கீழ பாக்கல" என்று அக்கா அழுதாள். அவள் முழங்கை சிராய்த்திருந்தது. வேலிக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப்பார்த்த பக்கத்து வீட்டு அத்தை, "ஆனைக்கும் அடி சறுக்கும், புள்ளைய வையாதீங்க" என்றாள். நான் வாய் திறந்திருக்க வேண்டிய நேரம் அது. திறக்கவில்லை. அம்மா அக்காவை மடியில் சாய்த்துக்கொண்டு முழங்கைக்கு மஞ்சள் வைத்ததைப் பார்த்ததும் என் பயம் போய்ப் பழைய எரிச்சல் திரும்பிவிட்டது. விழுந்தாலும் மடி அவளுக்குத்தான்.

தாத்தா மட்டும் படியைவிட்டு எழவில்லை. பக்கத்துக் கல்லை விரலால் தடவினார். சாம்பலும் பனியும் நூல் பிடித்த மாதிரி பிரிந்து கிடந்த இடத்தில் விரல் நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"சாம்பல் பத்தல தாத்தா" என்றேன்.

என் கையிலிருந்த சட்டியில் பாதிக்கு மேல் சாம்பல் இருந்தது. தாத்தா சட்டியையும் பார்த்தார். "சரி" என்றார்.

மத்தியானம் சாப்பிடும்போது எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "நாளையிலருந்து சின்னவ வரட்டும். பெரியவ பாவம், பழனி ஒடம்பு, குளிரு தாங்காது." என் பக்கம் திரும்பி, "வெள்ளனே எந்திரிச்சு வெரசா சாம்பலப் போட்டுட்டு வா. சாம்பலும் நீதான், தொணையும் நீதான்" என்றார்.

தொணை என்றது மட்டும்தான் என் காதில் விழுந்தது. மறுநாள் எல்லாருக்கும் முன்னால் எழுந்து, பதினொரு படிக்கும் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை சாம்பல் போட்டேன். என் தோள் தாத்தாவுக்கு எட்டவில்லை. ஒரு கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மறு கையை என் தலையில் வைத்துக்கொண்டு இறங்கினார். அதை நான் ஆசீர்வாதம் என்று எடுத்துக்கொண்டேன். அக்கா குல்லாவும் கம்பளியுமாக எட்டு மணிவரை தூங்கினாள். இரண்டே நாளில் எனக்கு அந்தத் தூக்கத்தின் மேலும் பொறாமை வந்துவிட்டது.

தாத்தா அதற்கப்புறம் ஆறு பனிக்காலம் இருந்தார். ஒருமுறைகூட விழவில்லை. சின்னப் பேத்தியின் கைராசி என்று ஊரில் பேசிக்கொண்டார்கள், நானும் தலை நிமிர்ந்து திரிந்தேன். சாம்பல் போடுகிறவளே கூட நடந்தால் எந்தப் படியிலும் பாதி மிச்சம் கிடக்காது என்றுதான் அவர் என்னைக் கூப்பிட்டார் என்பது அப்போது எனக்கு விளங்கவில்லை. அக்காவைவிட என்மேல்தான் அவருக்குப் பாசம் அதிகம் என்று அந்த ஆறு வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.